ஒரு வசனமும் திருமறையின் அதிகாரமும்

திருமறைக்கு அதிகாரம் உண்டு என்னும் கூற்றை இக்காலச் சமுதாயம் ஆராயாமல் ஏற்பதில்லை. எந்நூலாயினும் அதன் தோற்றத்தையும் வரலாற்றையும் வினவும் மனப்பான்மை நம் சபைகளின் இளைஞரிடத்தும் வேரூன்றியுள்ளது. “திருமறை திருத்தப்பட்ட நூல் அன்றோ?” என அவர்கள் வினவுகின்றனர். இதற்குப் பொதுப்பட விடை கூறுவதைவிட ஓர் எடுத்துக்காட்டை நேர்மையுடன் ஆராய்வதே பயன் தரும்.

1871இல் நிறைவுற்ற பவர் ஐயரின் திருப்புதலில் 1 யோவான் 5:7, பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுவதாகக் கூறுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பிலோ ஆவி, நீர், இரத்தம் என்னும் மூன்று சாட்சிகள் மட்டுமே உள்ளன. இரண்டையும் ஒப்பிட்டு வாசிக்கும் விசுவாசி கலங்குவது இயல்பே.

இவ்வேறுபாட்டின் வரலாறு தெளிவானது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் இத்தொடர் இல்லை. பதினான்காம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எந்தக் கிரேக்கப் படியிலும் அது மூலபாடத்தின் பகுதியாக அமையவில்லை. இலத்தீன் மரபில் விளக்கவுரையாகத் தோன்றி, பின்னர்ப் பாடத்திற்குள் புகுந்ததென்பது அறிஞர் முடிபு. எராஸ்மஸ் தம் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516, 1519ஆம் ஆண்டுப் பதிப்புகளில் இதனைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது, இத்தொடரைக் கொண்ட கிரேக்கப் படி ஒன்றும் காட்டப்பட்டது. ஆகவே 1522ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். அவ்வழி வந்த அச்சுப் பாடத்தைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளிலும் அது இடம்பெற்றது.

இதனின்று மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, திரியேகக் கோட்பாடு இவ்வசனத்தின்மேல் கட்டப்பட்டதன்று. நான்காம் நூற்றாண்டில் ஆரியருடன் வாதிட்ட கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் இதனை மேற்கோள் காட்டவே இல்லை. மத்தேயு 28:19, 2 கொரிந்தியர் 13:14 முதலிய பகுதிகளும் திருமறையின் முழுச் சாட்சியமுமே அவர்களுக்கு ஆதாரமாயின.

இரண்டாவது, இச்சேர்க்கையை வெளிப்படுத்தியோர் திருமறையின் பகைவர் அல்லர். எராஸ்மஸ் ஒரு குருவானவர். திருமறையொன்றையே இறுதி அதிகாரமாகக் கொண்ட லூத்தரும் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இத்தொடரைச் சேர்க்கவில்லை. புதிய ஏற்பாட்டிற்கு 5,000க்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படிகள் பல நாடுகளில் பரவிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் நுழைந்த சேர்க்கையைப் பிற இடத்துப் படிகள் காட்டிக்கொடுக்கின்றன. வேறுபாடுகளை நமக்குக் காட்டும் அதே சான்றுகளே மூலபாடத்தை அறியவும் துணைபுரிகின்றன.

மூன்றாவது, திருமறையின் அதிகாரம் படியெடுத்தோரின் தவறாமையில் தங்கியிருப்பதன்று. வேதவாக்கியங்கள் தம்மைக் குறித்தே சாட்சி கொடுக்கின்றன என்று கிறிஸ்து உரைத்தார் (யோவான் 5:39). அச்சாட்சியை உள்ளத்தில் உறுதிப்படுத்துபவர் தூய ஆவியானவர் என்று கால்வின் போதித்தார். எனினும் ஆவியானவரின் உறுதி ஆராய்ச்சிக்குத் தடையன்று. லூக்காவும் யாவற்றையும் திட்டமாய் விசாரித்தே எழுத முற்பட்டார்.

ஆதலின் இவ்வேறுபாடுகளைச் சபையாரிடமிருந்து மறைப்பது திருமறையைக் காப்பதாகாது. மறைக்கப்பட்டதை இளைஞர் பிறரிடமிருந்து அறியுங்கால், வசனத்தின்மேல் மட்டுமன்றிப் போதகர்மேலும் நம்பிக்கை இழப்பர். சத்தியத்தைப் பிரசங்கிப்போர் சத்தியத்திற்கு அஞ்சலாகாது. ஆராய்ச்சியின் ஒளியில் திறந்து வைக்கப்பட்ட திருமறையே, ஐயம் மிகுந்த இக்காலத்திலும் கிறிஸ்துவை அறிவிக்க வல்லது.