வெந்நீர் அடுப்பும் விறகுச் சிக்கனமும்

ஒரு குடியானவர் வீட்டில் எரிபொருளுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று விசாரித்தால், சமையலுக்கு ஆகும் செலவைத்தான் எல்லோரும் சொல்லுவார்கள். கொல்லைப்புறத்தில் மூன்று கல்லின்மேல் அண்டாவை ஏற்றிக் குளிப்பதற்கு வெந்நீர் காய்ச்சும் செலவு எவருடைய கணக்கிலும் வருவதில்லை. 2016ஆம் வருஷத்தில் ஆரம்பித்த உஜ்வலா திட்டத்தினாலும், அதற்கு முன்னும் பின்னும் ஏற்பட்ட வசதிகளினாலும் கிராமங்களில் அநேக வீடுகளின் சமையலறைக்குக் காஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆயினும் வெந்நீர் அடுப்பு மட்டும் இன்னமும் விறகையும், தென்னை மட்டையையும், வறட்டியையுமே நம்பியிருக்கிறது. காஸ் காசு கொடுத்து வாங்குவது, விறகு பொறுக்கிக்கொள்ளக்கூடியது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை ஆராய்ந்து, சிக்கனமான வழிகளை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேண்டிய உஷ்ணம் எவ்வளவு?

ஒரு லிட்டர் ஜலத்தின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு ஒரு கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு 20 லிட்டர் வீதம் 100 லிட்டர் வெந்நீர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியிலுள்ள ஜலம் 27 டிகிரி. குளிக்க இதமான சூடு 42 டிகிரி. ஆகவே 15 டிகிரி உயர்த்த வேண்டும். மொத்தம் வேண்டுவது 1500 கிலோ கலோரி.

நன்கு உலர்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3500 கிலோ கலோரி வெப்பம் உண்டாகும். அப்படியானால் அரைக் கிலோ விறகுக்கும் குறைவாகவே வேண்டியிருக்கும் என்று தோன்றும். உண்மையில் செலவாவதோ நான்கு கிலோவுக்குமேல். மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஜலத்தைச் சேருகிறது. மற்ற ஒன்பது பங்கும் காற்றோடும் புகையோடும் போய்விடுகிறது. வருஷத்தில் 200 நாள் மட்டும் வெந்நீர் வைத்தாலும் 850 கிலோ விறகு ஆகிறது. கிலோ 8 ரூபாய் என்று மதித்தால் இது 6,800 ரூபாய் பெறும். விறகைப் பொறுக்கி எடுக்கிறவர்கள் ரூபாய்க்குப் பதிலாகப் பெண்களின் உழைப்பைச் செலவிடுகிறார்கள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. களையெடுப்புக்கும் நடவுக்கும் கூலி கணக்கிடும் நாம், சுள்ளி பொறுக்கும் நேரத்திற்குக் கூலி கணக்கிடாமல் விடுவது நியாயமன்று.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

புதிதாக ஒன்றும் வாங்காமலே இந்தச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்துவிடலாம்.

முதலாவது, பாத்திரத்தை மூட வேண்டும். ஒரு லிட்டர் ஜலம் ஆவியாவதற்கு 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. அதே வெப்பத்தைக் கொண்டு 36 லிட்டர் ஜலத்தைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். திறந்த அண்டாவிலிருந்து ஒரு செம்பு ஜலம் ஆவியாகப் போனால், கிட்டத்தட்ட இரண்டு பேர் குளிக்கும் வெந்நீர் போயிற்று என்று அறிக.

இரண்டாவது, ஜலத்தைத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பின் பச்சைத் தண்ணீரை விளாவும் வழக்கத்தை விட வேண்டும். பாத்திரத்தின் சூடு ஏற ஏற அது வெளியே விடும் வெப்பமும் அதிகமாகும். வேண்டிய சூடு வந்தவுடன் விறகை இழுத்துவிடுவதே சிக்கனம்.

மூன்றாவது, ஈர விறகை எரிக்கலாகாது. அன்று வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி ஜலமேயாகும். அந்த ஜலத்தை ஆவியாக்கிய பிறகுதான் மீதி வெப்பம் நமக்குக் கிடைக்கும். மழைக்காலத்துக்கு வேண்டிய விறகைக் கோடையிலேயே பிளந்து, மழை படாத இடத்தில் அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, பாத்திரத்தின் அடியில் கெட்டியாகப் படியும் கரியை வாரத்துக்கு ஒருமுறையேனும் சுரண்டிவிட வேண்டும். கரிப்படலம் வெப்பத்தை உள்ளே செல்ல விடாமல் தடுக்கும்.

வறட்டியால் வரும் நஷ்டம்

வெந்நீருக்கு வறட்டி எரிப்பது விவசாயத்துக்கே கேடாகும். இங்கிலாந்தின் ராயல் விவசாயச் சங்கத்து ரஸாயன நிபுணராகிய டாக்டர் வோல்க்கர், இந்தியாவெங்கும் சுற்றிப் பார்த்து 1893இல் வெளியிட்ட அறிக்கையில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குடியானவன் அறியாமையால் சாணத்தை எரிக்கவில்லை, வேறு விறகு கிடைக்காததாலேயே எரிக்கிறான் என்பது அவர் கண்ட முடிவு. ஆகையால் விறகுக்கென்று மரங்களை வளர்க்க வேண்டுமென்று அவர் சிபார்சு செய்தார். அந்த யோசனை இன்றைக்கும் பொருந்தும்.

சாணத்தை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்தும் மக்குச்சத்தும் புகையாய்ப் போகின்றன. சாம்பலில் மிஞ்சுவது சிறிது சாம்பல் சத்தும் மணிச்சத்துமே. அதே சாணத்தைச் சாண எரிவாயுக் கலத்தில் விட்டால், எரிபொருளும் கிடைக்கும், எருவும் மிஞ்சும். சுமார் 25 கிலோ பச்சைச் சாணத்திலிருந்து ஒரு கன மீட்டர் எரிவாயு உண்டாகிறது. நாம் மேலே கணக்கிட்ட 100 லிட்டர் வெந்நீருக்கு 15 கிலோ சாணம் போதும். இது இரண்டு மாடுகள் ஒரு நாளில் போடும் சாணத்துக்குள் அடங்கும். கலத்திலிருந்து வெளிவரும் சாணிக்கரைசலில் தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே இருப்பதால், அதனைக் குப்பைக்குழியிலோ வாய்க்கால் தண்ணீரிலோ கலந்து வயலுக்கு விடலாம். நாலைந்து மாடுகள் உள்ள வீட்டார் இதனை முதலில் ஆலோசிப்பது நலம்.

அடுப்பைத் திருத்துதல்

விறகையே உபயோகிக்க வேண்டியவர்கள் அடுப்பையாவது திருத்திக்கொள்ள வேண்டும். ஹைதராபாத் என்ஜினீயரிங் ஆராய்ச்சிச்சாலையில் டாக்டர் எஸ். பி. ராஜு வகுத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் வெளியாயிற்று. 1980களில் இந்திய அரசாங்கம் திருத்திய அடுப்புகளைத் தேசமெங்கும் பரப்ப முயன்றது. அவற்றுள் அநேகம் நாளடைவில் கைவிடப்பட்டன. புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் விட்டதும், வீட்டிலுள்ள பாத்திரத்தின் அளவுக்கு அடுப்பு பொருந்தாததும் முக்கியமான காரணங்கள். அந்த அனுபவத்திலிருந்து நாம் கற்க வேண்டியது, அடுப்பு கட்டுமுன் அண்டாவை அளந்துகொள்ள வேண்டும் என்பதே.

செங்கல்லும் மண்ணும் கொண்டு வட்டமாகச் சுவரெழுப்பி, அண்டாவின் பாதி உயரத்துக்குமேல் அதற்குள் இறங்கியிருக்கும்படி அமைக்க வேண்டும். அண்டாவுக்கும் சுவருக்கும் நடுவில் விரற்கடை அளவு இடைவெளி இருந்தால், நெருப்பின் சூடு பாத்திரத்தின் அடியில் மட்டுமின்றிப் பக்கங்களிலும் தழுவிச் செல்லும். விறகு நேரே தரையில் கிடக்காமல் இரும்புக் கம்பி வரிசையின்மேல் கிடக்க வேண்டும். அடியிலிருந்து காற்று புகுந்தால்தான் முழுவதும் எரியும். விறகு வாய்க்கு எதிர்ப்புறத்தில் புகைபோக்கி வைத்து, கூரைக்குமேல் இரண்டடி உயர்த்த வேண்டும். இவ்வாறு நன்கு கட்டிய அடுப்பில் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஜலத்தைச் சேரும். நான்கு கிலோவுக்குமேல் ஆன விறகு இரண்டு கிலோவாகக் குறையும். நம் முன்னோர் உபயோகித்த செம்புப் பாய்லரும் இந்தத் தத்துவத்தில் அமைந்ததே. அதன் நடுவிலுள்ள குழாயில் நெருப்பு எரிய, ஜலம் அதனைச் சுற்றி நிற்பதால், சுள்ளி, கொட்டாங்கச்சி, சோளக்கட்டை முதலியவற்றைக் கொண்டே காரியம் முடிந்துவிடும்.

புகை குறைவதும் ஓர் இலாபமே. விடியற்காலையில் குனிந்து ஊதும் பெண்களின் நுரையீரலையும் கண்ணையும், பக்கத்தில் குளிர்காயும் குழந்தைகளின் மார்பையும் விறகுப் புகை கெடுக்கிறது என்பதை வைத்தியர்கள் சந்தேகமறக் கண்டிருக்கிறார்கள். இந்த நஷ்டத்தை ரூபாயில் மதிக்க முடியாது.

சூரிய உஷ்ணம்

கறுப்புக் குழாயை வயலில் போட்டிருப்பவர்கள், உச்சிவேளையில் மோட்டாரைப் போட்டதும் முதலில் வரும் ஜலம் கையைச் சுடுவதை அறிவார்கள். சூரிய வெந்நீர்ச் சாதனத்தின் தத்துவம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் கறுப்புத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து 1891இல் காப்புரிமை பெற்றார். அதில் இரவில் ஜலம் ஆறிப்போகும். 1909இல் வில்லியம் பெய்லி என்பவர் வெயில் படும் தகட்டையும் ஜலத்தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்து, தொட்டிக்குக் கனமான போர்வை அமைத்தார். அதன்பின் பகலில் காய்ந்த ஜலம் மறுநாள் காலைக்கும் சூடாக இருந்தது.

இப்பொழுது இருவகைச் சாதனங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் கறுப்புத் தகட்டோடு சேர்ந்த செம்புக் குழாய்கள் கண்ணாடியின் கீழ் இருக்கும். மற்றதில், பிளாஸ்கைப் போல நடுவில் காற்று நீக்கிய இரட்டைக் கண்ணாடிக் குழல்கள் இருக்கும். தமிழ்நாட்டில் தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயில் சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமானது. இரண்டு சதுர மீட்டர் தகடு 100 லிட்டர் ஜலத்தை 60 டிகிரிக்குக் காய்ச்சும். அதனோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் 200 லிட்டருக்குமேல் குளிக்கும் வெந்நீர் கிடைக்கும். மிஞ்சியதைக் கொண்டு பால் பாத்திரங்களைக் கழுவலாம்.

இதனை அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தகடு தெற்கு நோக்கி 20 முதல் 25 டிகிரி வரை சாய்ந்திருக்க வேண்டும். வெந்நீர் அதிகம் வேண்டிய மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதே காரணம். மரநிழல் படலாகாது. தகட்டு வகையில், தொட்டியின் அடி தகட்டின் மேல்விளிம்புக்கு ஓரடியாவது உயர்ந்திருந்தால்தான் ஜலம் தானாகச் சுற்றி ஓடும். உப்புத்தண்ணீர் உள்ள ஊர்களில் செம்புக் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அங்கே அதற்கேற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடிக் குழல்கள் வெறுமையாக வெயிலில் காய்ந்திருக்கும்போது குளிர்ந்த ஜலத்தை விட்டால் வெடித்துவிடும்; காலையிலோ மாலையிலோதான் நிரப்ப வேண்டும். ஜலத்தோடு சேர்ந்த பாரம் 150 கிலோவுக்குமேல் ஆகுமாதலால், ஓட்டுக்கூரையின்மேல் ஏற்றாமல் காங்கிரீட் தளத்திலோ தனிச்சட்டத்திலோ அமைக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில நாள் இச்சாதனம் பலன் தராது. ஆகையால் திருத்திய விறகடுப்பை இடித்துவிடாமல் வைத்துக்கொள்வது விவேகம்.

காஸும் மின்சாரமும்

மேற்சொன்ன 100 லிட்டரை நாள்தோறும் காஸ் அடுப்பில் காய்ச்சினால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று வெந்நீருக்கு மாத்திரமே சுமார் 65 நாளில் தீர்ந்துவிடும். மின்சாரத்தில் காய்ச்சினால் நாளொன்றுக்கு 2 யூனிட் வரையில் ஆகும். மின்சாரப் பாய்லர் வாங்குவோர் நட்சத்திரக் குறி அதிகமுள்ளதையே வாங்கி, குளிப்பதற்குச் சற்றுமுன் மட்டும் போட்டு, உடனே நிறுத்திவிட வேண்டும். வாளியில் போடும் ஹீட்டர் கம்பி மலிவானதே. ஆயினும் மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுமுன் ஜலத்தில் கை வைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது உகந்ததன்று. காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து ஜலத்தில் சேர்க்கும் வெப்பப் பம்பு என்னும் சாதனம், ஒரு யூனிட் செலவில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தைக் கொடுக்கிறது. அதன் விலை அதிகமாகையால், பெரிய பால்பண்ணைகளுக்கும் விடுதிகளுக்குமே இப்பொழுது பொருந்தும்.

யாருக்கு எது?

காங்கிரீட் தளமும் நல்ல ஜலமும் உள்ளவர்களுக்குச் சூரிய சாதனம். மாடுகள் உள்ளவர்களுக்குச் சாண எரிவாயு. இரண்டும் இல்லாதவர்களுக்குப் புகைபோக்கியோடு கூடிய அடுப்பு. சாதனத்தின் விலையை, ஒரு வருஷத்தில் மிச்சமாகும் விறகின் விலையால் வகுத்தால், எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்பது தெரிந்துவிடும். கடைக்காரர் சொல்லும் கணக்கை நம்பாமல், தம் வீட்டு விறகை ஒரு வாரம் நிறுத்துப் பார்த்துத் தாமே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுவது நலம்.

கைப்பணம் இல்லாதவர்களும் மாலையில் குளிக்கலாம். கறுப்புச் சாயம் பூசிய தகரப் பீப்பாயில் காலையில் ஜலம் நிரப்பி, மூடி வைத்து, வெயிலில் விட்டால், கழனியிலிருந்து திரும்பும் நேரத்தில் இதமான வெந்நீர் காத்திருக்கும். வரப்போரத்திலும் வேலியோரத்திலும் நாலு மரம் நட்டு, சாணத்தைக் குப்பைக்குழிக்கும், வெயிலை வெந்நீருக்கும் விட்டுவிட்டால், நிலத்துக்கு எருவும் வீட்டாருக்கு ஆரோக்கியமும் ஒருங்கே கிட்டும். வரும் மழைக்காலத்துக்கு முன்பாக, பாத்திரத்துக்கு ஒரு மூடி செய்வதிலிருந்தாவது ஒவ்வொரு வீட்டாரும் இதனை ஆரம்பிக்க வேண்டும்.