ஒண்டுக் குடித்தனச் சாளரம்

ஒரு வியாபார ஸ்தாபனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தால், ஓர் ஓரத்திலே, நண்பரை அழைத்து வந்தால் இருவருக்கும் வெகுமதி உண்டென்று அறிவிக்கும் சிறு பெட்டியொன்றைக் காண்கிறோம். விட்ஜெட் என்று தொழிலறிந்தோர் வழங்கும் இவ்வுறுப்பு, அந்தப் பக்கத்தோடு கூடப்பிறந்ததுபோலத் தோன்றினாலும், பெரும்பாலும் வேறொரு நிறுவனம் எழுதி, வேறொரு கணினியிலிருந்து அனுப்பி, இங்கே வந்து தங்கியிருக்கும் ஒண்டுக் குடித்தனமேயாகும்.

அக்குடித்தனத்தின் சுவருக்கு ஐஃப்ரேம் என்று பெயர். 1997-இல் வெளிவந்த எச்டிஎம்எல் நான்காம் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்ட இவ்வமைப்பு, ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைப் பதித்துக் காட்டுவது; இரண்டும் வெவ்வேறு தளங்களிலிருந்து வந்தவையாயின், ஒன்றின் உள்ளிருப்பை மற்றொன்று படிக்கவொட்டாமல் உலாவி தடுத்துவிடுகிறது. வாடிக்கையாளர் தட்டச்சிடும் கடவுச்சொல்லை அயலார் படித்துவிடாதபடி காக்கும் இச்சுவரே, வீட்டுக்காரர் பூசிய வர்ணமும் அவர் தேர்ந்த எழுத்துருவும் உள்ளே செல்லாதபடியும் தடுக்கிறது. ஆகவே நிறம், எழுத்துரு, வாசகம், மொழி ஆகியவற்றை விட்ஜெட் செய்பவர் முன்கூட்டியே மாற்றத்தக்கனவாக வைத்து, அவற்றை வெளியிலிருந்து சொல்லியனுப்ப ஒரு வழியும் விடவேண்டியிருக்கிறது.

உயரத்தின் விஷயம் இதைவிடச் சிரமமானது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாய் நின்ற பொத்தான் தமிழில் 'நண்பருடன் பகிர்ந்துகொள்ளுங்கள்' என்று நீண்டு இரண்டு வரியாகும்போது, பெட்டியின் உயரம் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்தால் கீழ்வரி வெட்டுண்டு போகும். உள்ளே இருப்பதே தன் உயரத்தை அளந்து வெளிப்பக்கத்துக்குச் செய்தியாக அனுப்ப, வெளிப்பக்கம் அச்செய்தி எந்தத் தளத்திலிருந்து வந்ததென்று சரிபார்த்த பின்னரே இடத்தைப் பெரிதாக்க வேண்டும்.

இத்தனை அலங்காரத்தையும்விட வெகுமதி என்ன, யாருக்கு என்று சொல்லும் வாசகமே முக்கியம் என்பது என் அபிப்பிராயம். டிராப்பாக்ஸ் நிறுவனம், பணத்துக்குப் பதிலாகத் தன் சேவையின் சாரமான சேமிப்பிடத்தையே, அழைத்தவருக்கும் வந்தவருக்கும் ஒருசேரக் கூடுதலாக வழங்கியது. 2008 செப்டம்பரில் ஒரு லட்சமாயிருந்த அதன் பயனர் தொகை 2010 ஜனவரியில் நாற்பது லட்சமாயிற்று. பரிந்துரைத் திட்டத்தினால் புதிதாய்ச் சேருவோர் 60 சதவீதம் நிரந்தரமாகக் கூடினர் என்று அதன் ஸ்தாபகர் ட்ரூ ஹூஸ்டன் பின்னர் எடுத்துரைத்தார். நண்பனுக்கும் லாபம் உண்டென்று அறிந்தவன் கூச்சமின்றி அழைக்கிறான் அல்லவா?

அவ்வாறு அழைத்தவனுக்கு அவனுக்குரியது போய்ச் சேரவேண்டுமானால், அழைப்போடு வரும் அவனுடைய அடையாளக் குறியீட்டை யாரேனும் நினைவில் வைத்திருக்க வேண்டும். குக்கீ என்னும், உலாவியில் எழுதிவைக்கும் சிறு குறிப்புகளில் அயல்தளத்தவை யாவற்றையும் சஃபாரி உலாவி 2020 முதல் மறுத்துவருவதால், ஒண்டுக் குடித்தனக்காரர் அந்தக் கணக்கைத் தம்மிடம் வைத்துக்கொள்ள இயலாது. வீட்டுக்காரரின் சொந்தப் பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் குக்கீக்கும் அவ்வுலாவி ஏழு நாள் ஆயுளே விதிக்கிறது. நண்பர் யோசித்துப் பத்தாம் நாள் திரும்பி வந்து வாங்குவாராயின், அழைத்தவரின் பெயர் அதற்குள் அழிந்திருக்கும். ஆதலால், முதல் வருகையின்போதே குறியீட்டைத் தம் சர்வரில் பதிந்துவைக்கும் பொறுப்பு வீட்டுக்காரரையே சாருகிறது.