யார் ஸார் இந்த ஆர்ஸன்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கிலாந்து ஃபுட்பாலில் மேனேஜர் என்றால், நம் ஆபீஸில் லீவு லெட்டரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறாரே, அந்த ஆசாமி இல்லை. யார் ஆடுவது, யார் பெஞ்ச்சில் உட்காருவது, எவனை வாங்குவது, எவனை விற்பது, ஆட்டக்காரர்கள் மத்தியானம் என்ன சாப்பிடுவது என்று சகலமும் அவர் கையில். கோச், ஹெட்மாஸ்டர், மாமியார் மூன்றையும் போட்டுக் கலக்கிய உத்தியோகம்!

அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் ரசிகன் கதி? 1996-ல் லண்டன் ஆர்ஸனல் ரசிகர்கள் இதை முழுசாக ஐம்பது நாள் அனுபவித்தார்கள்.

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. சீஸன் ஆரம்பிக்க ஐந்தே நாள். மேனேஜர் ப்ரூஸ் ரியாக்கின் சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள். மனுஷன் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. டீம் ஐந்தாவதாக வந்து ஐரோப்பியப் போட்டிக்கும் இடம் பிடித்திருந்தது. பந்தல் போட்டு, பத்திரிகை கொடுத்து, வாழை மரமும் கட்டிய பிறகு மாப்பிள்ளையை மாற்றினால் எப்படி இருக்கும்? சரி, புது மாப்பிள்ளை யார்? நிர்வாகம் வாயே திறக்கவில்லை.

பாவம், ரசிகர்கள் ஏற்கெனவே சூடுபட்ட பூனைகள். இரண்டு தடவை லீக் பட்டம் வாங்கித் தந்த ஜார்ஜ் கிரஹாம், ஆட்டக்காரர்களை வாங்கிய விவகாரத்தில் ஒரு ஏஜென்ட்டிடமிருந்து பணம் பெற்றதற்காக 1995 பிப்ரவரியில் வெளியேற்றப்பட்டிருந்தார். அடுத்து ரியாக். அவரும் போயாச்சு. 75 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கிய ஹாலந்துக்காரர் டென்னிஸ் பெர்க்காம்ப் வேறு, 'யாரிடம் ரிப்போர்ட் செய்வது?' என்கிற நிலைமையில்!

பேப்பர்கள் பட்டியல் போட ஆரம்பித்தன. முதலில் யோஹான் க்ரைஃப். உலகப் பிரசித்தம், அப்போதுதான் பார்சிலோனாவிலிருந்து விலகியிருந்தார். அடுத்து டெர்ரி வெனபிள்ஸ். அந்தக் கோடையில்தான் இங்கிலாந்தை ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி வரை கூட்டிப் போனவர். பட்டியலின் கடைசியில் ஒரு பெயர்... ஆர்ஸன் வெங்கர்.

ஆர்ஸனலுக்கு ஆர்ஸனா? அச்சுப் பிழையோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியிருக்கும்.

நிக் ஹார்ன்பி என்கிற எழுத்தாளர் ஆர்ஸனல் பைத்தியம். அந்தப் பைத்தியத்தையே புத்தகமாக எழுதிப் புகழ் பெற்றவர். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் தன் மனசு என்ன சொன்னது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார்: நிச்சயம் அந்தக் கடைசி ஆள்தான் வருவான், ஏனென்றால் அவனைத்தான் எனக்குத் தெரியாது, பெரிய பெயர்களை விட்டுவிட்டு முகம் தெரியாதவனைப் பிடிப்பதுதான் நம்ம ஆர்ஸனல்! உண்மையான ரசிகனுக்குத்தான் தன் டீம் மீது இவ்வளவு அவநம்பிக்கை இருக்க முடியும்.

இன்றைக்குக் கைக்குள் ஃபோன் இருக்கிறது. 'ஏர்போர்ட்டில் இறங்கிட்டாராம்' என்கிற வரைக்கும் உடனே தெரிகிறது. அன்றைக்கு அவர்களுக்கு இருந்தது சீஃபாக்ஸ். டி.வி. திரையில் எழுத்து எழுத்தாக வரும் செய்தி. ஃபுட்பாலுக்கு 302-ம் பக்கம். அதைத் தட்டிவிட்டு, ரிமோட்டும் கையுமாகப் பக்கம் புரளக் காத்திருக்க வேண்டும். இன்னொன்று கிளப்கால். ஃபோன் பண்ணினால் உங்கள் கிளப் பற்றிய செய்தியைப் பதிவு செய்த குரல் சொல்லும். நிமிஷக் கணக்கில் காசு ஏறும். குரலோ, விஷயத்துக்கே வராமல் மெதுவாக, மிக மெதுவாக நீட்டி முழக்கும். ஆபீஸ் ஃபோனிலிருந்து கூப்பிட்டவர்கள் புத்திசாலிகள். பில்லைப் பார்த்த மேனேஜர்கள் (இது நம்ம ரக மேனேஜர்கள்) என்ன சொன்னார்களோ!

நம் ஆபீஸுக்கு ஒரு அதிகாரி டிரான்ஸ்ஃபரில் வருகிறார் என்றால் என்ன செய்வோம்? பழைய பிராஞ்ச்சில் தெரிந்தவனைப் பிடித்து, "ஆளு எப்படிப்பா?" என்று விசாரிப்போம். இவர்கள் யாரை விசாரிப்பது? வெங்கர் இருந்ததோ ஜப்பானில்! நகோயா கிராம்பஸ் எய்ட் என்ற டீமில். அதற்கு முன் மொனாக்கோவில் ஏழு வருஷம். 1988-ல் பிரெஞ்சு லீக் பட்டமும் வாங்கித் தந்திருந்தார். ஆனால் அப்போதைய இங்கிலாந்துக்காரருக்கு பிரெஞ்சு லீக்கும் ஒன்றுதான், செவ்வாய்க்கிரக லீக்கும் ஒன்றுதான்.

தாமதத்துக்குக் காரணமே அந்த நகோயாதான். ஒப்பந்தம் இருந்தது, நட்டாற்றில் விட்டுவிட்டு வர வெங்கருக்கு மனசில்லை. லண்டனில் ஊர் முழுக்கத் தெரிந்த ரகசியமாக அவர் பெயர் உலவ, கிளப் மட்டும் மௌன விரதம். ஜப்பானிலும் இதே கவலையில் ஒரு கூட்டம் இருந்ததை லண்டனில் யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அடிமட்டத்தில் கிடந்த டீமுக்குச் சக்கரவர்த்தி கோப்பையை வாங்கித் தந்தவர் கிளம்புகிறார் என்றால் அவர்களுக்கு வயிறு எரியாதா?

இதற்கிடையே நடந்த கூத்துகளைக் கேளுங்கள். மாப்பிள்ளை வருவதற்குள் சீர்வரிசை வந்து இறங்கியது! வெங்கர் சொல்லி அனுப்பியபடி பாட்ரிக் வியரா, ரெமி கார்ட் என்று இரண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள். தாற்காலிகப் பொறுப்பில் இருந்த ஸ்டூவர்ட் ஹூஸ்டன், செப்டம்பர் நடுவில் ராஜினாமா செய்துவிட்டு க்வீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் டீமுக்கு மேனேஜராகப் போனார். அங்கே அவருக்கு அசிஸ்டென்ட் யார் தெரியுமா? சாட்சாத் ப்ரூஸ் ரியாக்! நேற்று வரை தனக்குக் கீழே இருந்தவருக்குக் கீழே இவர். அதே மாதம் காப்டன் டோனி ஆடம்ஸ், தான் குடிக்கு அடிமை என்று சக ஆட்டக்காரர்களிடம் ஒப்புக்கொண்டார். தாற்காலிகத்துக்கும் தாற்காலிகமாக பாட் ரைஸ். ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மன் டீம் ஒன்றிடம் இரண்டு ஆட்டத்திலும் 3-2 என்று தோற்று வெளியே.

நடுவில் ஒரு வெளிச்சம். செப்டம்பர் 16. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே டீமோடு ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இருபது வயது வியரா, நெட்டைக் கால்களால் பந்தைப் பறிப்பதும் பாஸ் கொடுப்பதுமாக மைதானத்தையே தன் வீட்டு ஹால் மாதிரி ஆக்கிக்கொண்டார். ஆர்ஸனல் 4-1. என்னைக் கேட்டால், அந்த ஐம்பது நாளில் ரசிகர்களுக்குக் கிடைத்த ஒரே நேர்மையான தகவல் அதுதான். பேப்பர் சொல்லாததை அந்தப் பையனின் கால் சொன்னது.

செப்டம்பர் 22-ல் அறிவிப்பு. லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்று, 'ஆர்ஸன்... யாரு?' என்று போஸ்டரே போட்டது. அக்டோபர் 1-ல் பதவியேற்பு. மூக்குக் கண்ணாடி, ஒல்லி உடம்பு, பொருளாதாரப் பட்டம். வாத்தியார் மாதிரி இருக்கிறாரே, இவருக்கு ஃபுட்பால் என்ன தெரியும் என்று நினைத்ததாக டோனி ஆடம்ஸே பிறகு சொல்லியிருக்கிறார். முதல் ஆட்டம் பிளாக்பர்னில், 2-0 ஜெயம். ஆனால் வாத்தியார் அதற்குள் சாக்லெட்டுக்குத் தடை போட்டு, அவித்த கோழியும் காய்கறியும் என்று மெனுவை மாற்றியிருந்தார். பஸ்ஸில் ஆட்டக்காரர்கள், "எங்கள் மார்ஸ் சாக்லெட் எங்கே?" என்று கோஷம் போட்டார்களாம்!

1998-ல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டும். 2003-04 சீஸனில் 38 ஆட்டம், ஒரு தோல்விகூட இல்லை. 'யாரு?' என்று கேட்கப்பட்டவர் இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார்.

கடைசி வருஷங்களில் லீக் பட்டம் வரவில்லை. 'வெங்கரே, வெளியேறு' என்று அதே ரசிகர்களில் பலர் பேனர் பிடித்தார்கள். 2018 ஏப்ரலில் அவர் விலகுவதாக அறிவித்தார். மறுபடி நாற்காலி காலி, மறுபடி பட்டியல், மறுபடி தூக்கமில்லாத இரவுகள். பழைய காப்டன் மிக்கெல் ஆர்ட்டெட்டாதான் என்று கிட்டத்தட்ட எல்லாப் பேப்பரும் எழுதி முடித்த நேரம், மே 23-ல் உனாய் எமெரி என்றது கிளப். பதினெட்டு மாதத்தில் அவரையும் அனுப்பிவிட்டு, மூன்று வாரம் காக்கவைத்து, 2019 டிசம்பர் 20-ல் கூட்டி வந்தது யாரைத் தெரியுமா?

அதே ஆர்ட்டெட்டாவை!