சிவப்பு விளக்கில் எதற்கு ஹாரன்?

சிக்னலில் இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கிளம்பிவிடுகிறது. முன்னே நிற்கும் ஆட்டோ நகர வழியில்லை. அதற்கு முன்னால் பஸ் நிற்கிறது. அடிப்பவருக்கும் அது கண்ணெதிரே தெரிகிறது. ஆகவே இது தேவைக்கு எழும் சத்தமல்ல, வெறும் பழக்கம். பழக்கம் என்பதால் மாற்றவும் முடியும். மும்பை போக்குவரத்துப் போலீசார் சில சிக்னல்களில் ஒலியளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் முதலிலிருந்து ஓடும். 2020-இல் அந்தச் சோதனையின் வீடியோ வெளியானபோது நாடே பேசியது.

நம் சாலையில் மாடும் மனிதரும் குறுக்கே வருவார்கள், ஹாரன் இல்லாமல் ஓட்ட முடியாது என்பார்கள். வளைவிலும் ஆபத்திலும் அடிப்பதை யாரும் குறை சொல்லவில்லை. ஓயாமல் அடித்தால் உண்மையான எச்சரிக்கை யார் காதில் விழும்? மிசோரமின் ஐஸ்வால் நம் நாட்டு நகரம்தான். குறுகலான மலைச்சாலை, நெரிசலுக்கும் பஞ்சமில்லை. அங்கே இருசக்கர வாகனங்கள் ஒரு வரிசையாக, கார்கள் இன்னொரு வரிசையாக, ஹாரன் அடிக்காமல் காத்திருந்து நகர்கின்றன. சட்டமும் நம்மிடம் இருக்கிறது: அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை, பள்ளிகளைச் சுற்றி 100 மீட்டருக்குள் ஹாரன் கூடாது, தேவையின்றி அடித்தால் முதல்முறை 1,000 ரூபாய், அடுத்தமுறை 2,000 ரூபாய் அபராதம். போலீசார் அதை வசூலிக்கத் தொடங்கட்டும். நீங்களும் அடுத்த சிக்னலில் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.