உஷார்! சைலன்சர் பைப் இணைப்பு கசிந்தால் சத்தத்தோடு விஷமும் வருகிறது

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கிறது. இன்ஜின் சூடானதும் தானாக அடங்கிவிடுகிறது. அல்லது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டிக்கு அடியில் ஒரு சீறல். டேப்பட் சத்தமாக இருக்கும், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். புகை பைப்பின் இணைப்பு விட்டிருந்தால், அந்த இடுக்கு வழியே கார்பன் மோனாக்சைடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணைக்கூட உறுத்தாது.

இந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். காற்றின் பத்து லட்சம் பங்கில் இது 400 பங்கு இருந்தாலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி ஆரம்பிக்கும். 1,600 பங்கு ஆனால் 20 நிமிடத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். அதிலேயே தொடர்ந்து இருந்தால் உயிர் போகும்.

எந்த இணைப்பு விட்டாலும் ஆபத்துதான். ஆனால் முன்பக்கக் கசிவு மிக மோசமானது. மேனிஃபோல்டு கேஸ்கெட், மேனிஃபோல்டும் முன் பைப்பும் சேரும் ஃபிளாஞ்ச், அதிர்வைத் தாங்க வைத்திருக்கும் பெல்லோஸ் ஆகியவை பல கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கின்றன. விஷம் முறிக்கப்படுவதற்கு முன்பே புகை அங்கே வெளியேறிவிடும். ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் வழியும் முன் கண்ணாடியின் அடியில், பானெட்டை ஒட்டியே இருக்கிறது. பின்பக்கம் கசிந்தால் தரையில் கழன்றுபோன ரப்பர் மூடிகள், டிக்கி கதவின் கிழிந்த ரப்பர் வழியாகப் புகை உள்ளே ஏறும். சிக்னலிலும் நெரிசலிலும் வண்டி நிற்கும்போது புகை விலகிப் போக வழியே இருக்காது.

மைலேஜும் அடிவாங்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இடுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரை ஏமாற்றும். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து இன்ஜின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றும்.

கசிவைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். திறந்த வெளியில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். கசிவு இருந்தால் நுரை கொப்பளிக்கும். தடித்த கையுறை போட்ட ஒருவர் பின் பைப்பின் வாயைத் துணியால் சில நொடிகள் பாதி அடைத்தால் சீறல் தெளிவாகக் கேட்கும். மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இப்போது ஒட்டுப்போடும் வேலைகளுக்கு உஷார்! பிசைந்து ஒட்டும் சாதாரண எபாக்சி, மேனிஃபோல்டு பக்கத்துச் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும். தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டுவது சத்தத்தைக் குறைக்கும், விஷத்தை நிறுத்தாது. சைலன்சர் பேஸ்ட், பட்டறைவரை போய்ச் சேர மட்டும்தான். பெல்லோஸை வெட்டி எறிந்துவிட்டு நேர் பைப்பை வைத்து வெல்டு அடிப்பது எல்லாவற்றிலும் மோசம். இன்ஜினின் ஆட்டம் முழுவதும் மேனிஃபோல்டில் இறங்கி, அங்கே விரிசல் விழும்.

சரியான முறை இதுதான். பைப் முழுவதும் ஆறட்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு யாரும் அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிட்டுக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டட் முறியும். ஃபிளாஞ்சின் இரண்டு முகங்களையும் சுத்தமாகத் தேய்த்து, புது கேஸ்கெட் போட வேண்டும். நசுங்கிய பழைய கேஸ்கெட் மறுபடி அடைக்காது. தளர்ந்த ஸ்பிரிங் போல்ட்டுகளையும் மாற்றி, இருபுறமும் மாறி மாறிச் சமமாக இறுக்க வேண்டும். பைப்பைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பைப்பின் முழு எடையும் இணைப்பில் தொங்கினால் புது கேஸ்கெட்டும் நிலைக்காது. வெல்டிங் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்கும் குழாயும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய்க்கான ஜிஐ பைப்பை வைத்து வெல்டு செய்ய விடாதீர்கள். துத்தநாகப் புகை வெல்டருக்கே விஷம்.

வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர்ச் சோதனையை உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள்.

அதுவரை அந்தக் காரைப் பட்டறைக்கு மட்டும் ஓட்டுங்கள், தனியாக. முன் ஜன்னல்கள் முழுக்கத் திறந்திருக்கட்டும், டிக்கி மூடியிருக்கட்டும். ஏசியை உள்காற்றுக்கு மாற்றினால் போதும் என்று நம்பாதீர்கள். இன்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்குவது எந்தக் காரிலும் வேண்டாம்.

பயணத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், அசதி வந்து, இறங்கியதும் தெளிந்தால் அதைப் பித்தம், பயணக் களைப்பு என்று விடாதீர்கள். உடனே இன்ஜினை நிறுத்தி எல்லோரையும் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமாகவே காட்டும். கார் புகை என்ற சந்தேகத்தை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையும் உடனடி ஆக்சிஜனும்தான் உயிரைக் காக்கும்.

நாளைக் காலை குடும்பத்தோடு கிளம்பும் முன், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். சந்தேகம் துளி இருந்தாலும் வண்டி பட்டறைக்குப் போகட்டும், குடும்பம் பஸ்ஸில் போகட்டும்.