தவணை வாணிகம்

ஆவடியில் எம் அண்டைவீட்டு அம்மையாரின் தையற்பொறி, பத்துத் தவணை செலுத்தியபின்னும், கடைக்கே மீண்டது. காரணம் யாதெனின், வாடகைக் கொள்முதலில் இறுதித் தவணை தீருமளவும் பொருள் கடைக்காரருடையதே; அதுவரை நாம் வாடகைக்காரரே. இம்முறை புதிதன்று, சிங்கர் தையற்பொறிக் கம்பெனியார் அமெரிக்காவில் 1856-இலேயே இதனைக் கைக்கொண்டனர்.

வட்டிக் கணக்கோ இன்னும் நுட்பமானது. 12,000 ரூபாய்ப் பொருளுக்கு ஓராண்டிற்கு நூற்றுக்கு 12 வட்டி என்பர்; வட்டி 1,440, மாதத் தவணை 1,120. முதல் மாதந்தோறும் குறைந்துவரவும், வட்டி மட்டும் முழுமுதலுக்கே கணக்கிடப்படுகிறது. ஆண்டு முழுதும் நம்மிடம் சராசரியாய் நின்ற கடன் 6,500 தான். ஆகவே மெய்யான வட்டி ஏறத்தாழ 22! (கணக்கிற்கு அஞ்சித் தமிழ் பயில வந்த யாம் இதனை இருமுறை போட்டுப் பார்த்தோம்.)

கொள்வோரைக் காக்க 1972-இல் இயற்றப்பெற்ற வாடகைக் கொள்முதற் சட்டமோ, ஒருநாளேனும் நடைமுறைக்கு வாராமலே 2005-இல் நீக்கப்பட்டது.