உங்களுக்குத் தெரியுமா? ரசிகர்கள் பெயர் வைத்த விண்கலம்

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் 'ராமாயண'த்தை மறுஒளிபரப்பத் தொடங்கியதுதான் தாமதம், சூப்பர் ஹீரோ தொடரான 'சக்திமான்' எங்கே என்று சமூக வலைத்தளங்களில் கோரிக்கை குவிந்தது. ஏப்ரலிலேயே சக்திமானாக நடித்த முகேஷ் கன்னா திரையில் மறுபடி சுழன்று வந்தார். கேட்டவர்கள் சிறுவர்கள் அல்லர். 1997-இல் தொடர் தொடங்கியபோது சிறுவர்களாக இருந்தவர்கள். சக்குபள்ளம் போன்ற ஏலமலை ஊர்களில் கேபிள் எட்டாத வீடுகளுக்கு அன்று தூர்தர்ஷனை விட்டால் வேறு சேனல் ஏது?

இந்த ரசிகப் பிடிவாதத்துக்கு முன்னோடி அமெரிக்காவின் விண்வெளித் தொடர் 'ஸ்டார் ட்ரெக்'. தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும், பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதி முன்னின்று கடிதப் போர் நடத்தினார்கள். என்.பி.சி. தொலைக்காட்சி இறங்கிவந்து, 1968 மார்ச் 1 அன்று தொடர் தொடரும் என்று திரையிலேயே அறிவித்தது. கடிதம் நிற்கவில்லை, அடுத்து நன்றிக் கடிதங்கள் வந்து குவிந்தன! ஆனால் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளப்பட்ட தொடர், 1969-இல் முடிந்தேவிட்டது.

ரசிகர்கள் ஓயவில்லை. நாசா தன் முதல் விண்வெளி ஓடத்துக்கு 'கான்ஸ்டிடியூஷன்' என்று பெயரிட இருந்தது. மறுபடி கடித மழை. அதிபர் ஃபோர்டு ஒப்புக்கொள்ள, தொடரில் வரும் கப்பலின் பெயரான 'எண்டர்பிரைஸ்' அதற்குச் சூட்டப்பட்டது. 1976 செப்டம்பர் 17-இல் நடந்த அறிமுக விழாவுக்குத் தொடரின் நடிகர்களே வந்திருந்தார்கள். சோதனைக்காகக் கட்டப்பட்ட அந்த ஓடம் கடைசிவரை விண்வெளிக்குப் போகவே இல்லை.